சைக்கிள் பழகின ஊரில் செல்போன் பழகுவது எப்படி? அக்கா டிப்ஸ்

புது போன் வாங்கிவிட்டாயா தங்கச்சி? நல்லது. அக்கா சொல்லும் முதல் விஷயம்: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து லாக் போடுவது வரை எல்லாவற்றையும் உன் கையாலேயே செய். "குடுங்கக்கா, ரெண்டே நிமிஷத்துல செட் பண்ணித் தர்றேன்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி வருவான். வீட்டுக்காரர் வருவார். விற்ற கடைப் பையனே கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் எவர் விரல் அதில் பழகுகிறதோ, அவருடைய போன்தான் அது. நீ தவணை கட்டுகிறவள், அவ்வளவுதான்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் இ-சேவை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். (தாலுகாவுக்கு எங்கள் ஊர்ப் பெயர், தாலுகா ஆபீஸ் மட்டும் கீரனூரில். அந்த வருத்தத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம்.) சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று வருகிற பெண்களில் நிறையப் பேரிடம் போன் இருக்கும், அதில் பழகின கை இருக்காது. ஓடிபி வந்த சத்தம் கேட்டதும் போனையே என்னிடம் நீட்டிவிடுவார்கள். அதே வரிசையில் காலேஜ் பிள்ளைகளும் நிற்பார்கள். ஐந்து நிமிஷம் போனைச் சார்ஜில் போட்டால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிற பிள்ளைகள். ஒருவருக்கு அது கையில் ஒட்டவே இல்லை, இன்னொருவருக்குக் கையை விட்டுக் கழலவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த டிப்ஸ்.

கேரியரில் உட்கார்ந்தவள் சைக்கிள் பழகியதில்லை

ஒரு சாமான் எப்போது நம் உடம்போடு சேர்கிறது என்பதை நம் மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்து மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது, தாங்களாக ஊர்விட்டு ஊர் போய்வரவும் தெரிய வேண்டும் என்று சைக்கிளையும் அந்த இயக்கத்தில் சேர்த்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். மொத்தத்தில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர் கூட்டங்களில் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி வைத்திருக்கிறார். விவசாயக் கூலி, கல் குவாரித் தொழிலாளி, அங்கன்வாடிப் பணியாளர், நர்ஸ், டீச்சர் என்று எல்லாரும் இதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து மிதித்தார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்களாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

அந்தக் காலத்தில் குரங்குப்பெடல் போட்டுப் பழகின யாரையாவது கேட்டுப் பார். முதல் நாள் கண் முழுக்க ஹேண்டில்பாரில் இருக்கும். பெடல் தனி, பிரேக் தனி, பெல் தனி. ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். கொஞ்ச நாள் போனதும் கண் சைக்கிளைப் பார்ப்பதே இல்லை, ரோட்டைப் பார்க்கிறது. பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும் முன்பே இடுப்பு தானாக எழும்பிக்கொள்கிறது. பின்னால் கட்டின புல்லுக்கட்டின் அகலம் வரை தன் உடம்பு என்று தெரிந்து, சந்தில் இடிக்காமல் திருப்புகிறாள். தலையில் குடத்தோடு வரும் அம்மா நிலைவாசலில் எவ்வளவு குனிய வேண்டும் என்று அளந்தா பார்க்கிறாள்? குடத்தின் வாய் வரை அவள் உயரம் கூடிவிடுகிறது. இதையே லண்டனில் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1911-ல் எழுதினார்கள். மூளைக்குள் உடம்பைப் பற்றிய கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு பெண்ணின் தொப்பியில் செருகிய இறகின் நுனி வரை அது நீளும் என்றார்கள்.

1996-ல் ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அட்சுஷி இரிக்கி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் குரங்குகளுக்குச் சின்ன வாரியல் (ரேக்) கொடுத்து, எட்டாத தீனியை இழுத்து எடுக்கப் பழக்கினார்கள். கையைத் தொட்டாலும், கைக்குப் பக்கத்தில் எதையாவது காட்டினாலும் வேலை செய்கிற மூளை செல்கள் சில உண்டு. வாரியலால் இழுக்கப் பழகினபின் அந்தச் செல்கள் வாரியலின் நுனிக்குப் பக்கத்தில் வரும் பொருளுக்கும் வேலை செய்ய ஆரம்பித்தன. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. வாரியலைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த மாற்றம் இல்லை. ஒரு காரியத்துக்காக அதை நீட்டி இழுத்தால்தான் அது கையாகிறது.

அதனால்தான் சொல்கிறேன், கேரியரில் எத்தனை வருஷம் உட்கார்ந்து போனாலும் சைக்கிள் வராது. மகன் தட்டுவதைத் தோளுக்கு மேலே நின்று பார்த்தால் போன் வராது.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது

உன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள். நிஜமாகவே சொல்கிறேன். நமக்குப் பொறுமை கிடையாது. அவர்கள் விரல் எங்கேயோ தடுமாறும்போது, "தள்ளும்மா" என்று பிடுங்கித் தட்டிவிடுவோம். அங்கே பாடம் முடிந்துபோகிறது. வாயால் மட்டும் சொல். "பச்சையா இருக்குல்ல, அதைத் தொடு." அவர்கள் தொட வேண்டும், திரை மாற வேண்டும், மாறினதைக் கண் பார்க்க வேண்டும். தொட்டதும் பலன் தெரிவதுதான் மூளை அதைக் கையோடு முடிச்சுப் போடுகிற நேரம். பழைய போனில் தொட்டுக் காத்திருந்து காத்திருந்து திரை மாறும் பார், அதில் பழகுவது கஷ்டம் என்பதும் இதனால்தான். வீட்டில் தூக்கிப்போட்ட, தேய்ந்த போனை அம்மாவுக்குத் தள்ளிவிட்டு "அம்மாவுக்குப் போன் வரல" என்று குறைசொல்வது நியாயமே இல்லை.

எதில் தொடங்குவது? பேங்க் வேலையில் தொடங்காதே. பயம் இருக்கும் இடத்தில் விரல் விறைத்துப்போகும். வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதில் தொடங்கு. வெளிநாட்டிலோ திருப்பூரிலோ இருக்கிற பேரனுக்குப் பேசி அனுப்பி, அவன் பதில் வந்துவிட்டால் அடுத்த நாள் அவர்களே எடுத்துவிடுவார்கள். பிறகு வீடியோ கால். பிறகு போட்டோ எடுப்பது. கரண்ட் பில்லும் கேஸ் புக்கிங்கும் அதற்குப் பின்னால். பணம் அனுப்புவது கடைசியில்.

ஊன்றுகோல் எப்படியோ அப்படித்தான். பார்வை இல்லாதவருக்குப் பழகின கோல் கையில் உறைப்பதில்லை, அதன் நுனி தொடும் தரைதான் தெரிகிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போன்ட்டி 1945-லேயே எழுதினார். அம்மாவுக்குப் போன் தெரியாமல் பேரன் முகம் மட்டும் தெரிகிற நாள் வரும். அதுவரை உன் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

இருந்த இடத்தை மாற்றாதே

விரல் எழுத்தைப் படித்துப் போவதில்லை, இடத்தைத் தெரிந்து போகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று தாள் தாளாக அடித்து, லோயர் பாஸ் பண்ணி, ஹையர் பாஸ் பண்ணின எனக்கு இன்றைக்கும் பஸ் ஜன்னல் கம்பியில் விரல் தானாக ஓடும். ஆனால் "பி எழுத்து எந்த வரிசையில் இருக்கு?" என்று கேட்டால், கையைத் தூக்கிக் காற்றில் அடித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அமெரிக்காவில் 2014-ல் வந்த ஓர் ஆய்வில், வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்களிடம் வெற்றுக் கட்டங்களைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26-ல் சராசரியாக 15 எழுத்தைத்தான் சரியான இடத்தில் வைக்க முடிந்ததாம். விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது.

இதிலிருந்து சில டிப்ஸ் கிடைக்கின்றன. அம்மா போனில் ஐகான்களை அழகாக அடுக்குகிறேன் என்று இடம் மாற்றாதே. அது அவர்கள் வீட்டு அடுப்பை இரவோடு இரவாகத் திண்ணைக்குத் தூக்கிவைப்பது மாதிரி. புதுப் போன் வாங்கினால் பழைய போன் பக்கத்தில் வைத்து, அதே ஐகானை அதே மூலையில் வை. எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதாக இருந்தால் முதல் நாளே பெரிதாக்கு, பழகினபின் வேண்டாம்.

பின் நம்பர் விஷயத்தில் மட்டும் விரலை நம்பாதே. போனில் மேல் வரிசை 1, 2, 3. கம்ப்யூட்டர் கீபோர்டின் வலதுபக்கம் இருக்கும் நம்பர் பட்டையில் மேல் வரிசை 7, 8, 9. கால்குலேட்டரிலும் அப்படித்தான். கோலம் போடுவதுபோல விரல் போகும் வழியாகவே நம்பரை வைத்திருப்பவர்கள், இடம் மாறின பட்டன்களுக்கு முன்னால் மூன்று தடவை தப்பாக அடித்து கார்டை முடக்கிக்கொள்கிறார்கள். மாதம் ஒரு தரம் பின் நம்பரை மனசுக்குள் இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பார். சத்தமாக வேண்டாம், என் கவுண்டருக்கு முன்னால் நின்று சொன்னவர்களும் உண்டு.

தமிழில் தட்டுகிறவளா நீ? அம்மா என்று எழுத ஏ, எம், எம், ஏ என்று தட்டிப் பழகியிருப்பாய். தப்பில்லை. ஆனால் தினமும் பக்கம் பக்கமாகத் தமிழ் அடிக்கும் வேலை என்றால், தமிழ்நாடு அரசு 1999-ல் அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகைக்கு மாறு. உயிரெழுத்து இடதுகைக்கு, மெய் பெரும்பாலும் வலதுகைக்கு. இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், பல இடத்தில் புள்ளி தானாக விழும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக வரும். அதன்பிறகு தமிழை ஆங்கில எழுத்தாக உடைத்துப் பார்க்கிற வேலையே மூளைக்கு இருக்காது. எதைப் பழகினாலும் ஒன்றைப் பழகு. வீட்டில் ஒன்று, ஆபீஸில் ஒன்று என்றால் இரண்டும் கையில் சேராது.

கழலாததைக் கழற்றுவது

இனி இரண்டாவது ரகத்துத் தங்கச்சிகள். அடிக்காத போன் அடித்ததுபோல இருக்கிறதா? இடுப்பில் அதிர்ந்தது என்று எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லையா? பயப்படாதே, ஊர் உலகத்துக்கே உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் ஊழியர்களைக் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 68 சதவீதம் பேர் தங்களுக்கு இந்தப் பொய் அதிர்வு வந்திருக்கிறது என்றார்கள். உடம்பில் எங்கேயோ தசை துடிக்கிறது, புடவை உரசுகிறது; எதிர்பார்த்துக் காத்திருக்கும் மூளை அதைப் போன் என்று எடுத்துக்கொள்கிறது.

நம் ஊர்க்காரர் ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். வி.எஸ். ராமச்சந்திரன், தமிழ்நாட்டில் 1951-ல் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன நரம்பியல் அறிஞர். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும். அந்த வலிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து வழி தேடினார். இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கை அசைவதுபோல மூளைக்குத் தோன்ற வைத்தார். சிலருக்கு வலி குறைந்தது. அந்த வலியும் இந்தப் பொய் அதிர்வும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. மூளை வைத்திருக்கும் உடம்புக் கணக்கும் நிஜ உடம்பும் எப்போதும் ஒத்துப்போக வேண்டியதில்லை, அதைக் கொஞ்சம் ஏமாற்றலாம், திருத்தவும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

திருத்துவது சுலபம். வைப்ரேஷனை நிறுத்து. போனை வைக்கும் இடத்தை மாற்று. அந்த ஆய்விலேயே பொய் அதிர்விலிருந்து விடுபட்டவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்திருந்தார்கள். ஜாக்கெட்டுக்குள் செருகுவது, இடுப்பில் சொருகுவது, நைட்டிக்குப் பாக்கெட் தைத்து அதில் போடுவது எல்லாம் உடம்போடு ஒட்டி வைப்பதுதான். வீட்டுக்குள் வந்ததும் ஃபிரிட்ஜ் மேலே வை. கூப்பிடுகிறவர்கள் சத்தம் அங்கிருந்தும் கேட்கும்.

ரீல்ஸ் தள்ளும் கட்டைவிரலுக்கு வேறு வைத்தியம். மேலே சொன்னேனே, பழக வேண்டியதை ஒரே இடத்தில் வை என்று. விட வேண்டியதற்கு அதைத் திருப்பிப் போடு. உன் நேரத்தைத் தின்கிற ஆப் எது என்று உனக்கே தெரியும். அதன் ஐகானை முதல் பக்கத்திலிருந்து தூக்கி மூன்றாம் பக்கத்தில் ஒரு ஃபோல்டருக்குள் போடு. விரல் அங்கேயும் பழகிவிடும், அதனால் வாரா வாரம் இடத்தை மாற்று. ஒவ்வொரு தரமும் லாகவுட் செய்து வை. தேட வேண்டி வந்தால், நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு நொடி தெரியும். அந்த ஒரு நொடி போதும். சுத்தியல் ஒழுங்காக இருக்கும்வரை தச்சனுக்கு அது கண்ணில் படாது, தலை கழன்றால்தான் படும் என்று ஹைடெக்கர் என்ற ஜெர்மன் தத்துவவாதி சொன்னார். நான் சொல்வது, நீயே தலையைக் கொஞ்சம் கழற்றி வை.

சிலர் சைக்கிளும் மெஷின், செல்லும் மெஷின், இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சைக்கிள் நீ திருப்பின பக்கம்தான் திரும்பியது. ஒரு நாளும் அது தானாகப் பெல் அடித்து உன்னைக் கூப்பிடவில்லை. நீ காரியத்துக்கு நீட்டுவது கை. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இழுப்பது வேறு ஒருவன் கை. அதனால் வேண்டாத நோட்டிஃபிகேஷனை எல்லாம் அடைத்துவிடு. வீட்டு மனிதர்கள், பள்ளிக்கூடம், பேங்க் தவிர எவருக்கும் உன்னைத் தட்டி எழுப்பும் உரிமை வேண்டாம்.

கட்டைவிரல் வலித்தால்

மணிக்கட்டில் கட்டைவிரல் தொடங்கும் இடத்தில் வலி. குடம் தூக்கினால் சுரீர் என்கிறது, துணி பிழிந்தால் உயிர் போகிறது. 1895-ல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டி கெர்வைன் விவரித்த தசைநாண் வீக்கமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் செல் இல்லை; துவைக்கிறவர்களுக்கும் கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மாருக்கும் வந்துகொண்டிருந்தது. இப்போது அதோடு செல்லும் சேர்ந்துகொண்டது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பார். அந்த இடத்தில் பிடித்து இழுத்தால் டாக்டரிடம் போ. தைலம் தடவிக்கொண்டே மாசக்கணக்கில் இழுக்காதே. ஒரு கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் தட்டுவதை நிறுத்து. நீளமாகச் சொல்ல வேண்டியதை மைக் பட்டனைத் தொட்டுத் தமிழிலேயே பேசு, அதுவே எழுதிக்கொள்ளும். கண்ணுக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் 20 அடி தூரத்தில் 20 விநாடி பார்வை. ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசாதே. திருச்சி ரோட்டில் லாரி வரும் வேகத்துக்கு உன் உடம்புக் கணக்கில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம்.

உன் விரலே சாவி ஆகும்போது

போன் நமக்குக் கையாவது ஒரு பக்கம். நம் கை மெஷினுக்கு உறுப்பாகிப்போவது இன்னொரு பக்கம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று வந்தது. வெயிலில் மண்வெட்டியோடு நீ நின்றாலும் டவர் இல்லாமல் போட்டோ ஏறவில்லை என்றால் நீ வரவில்லை என்றாகிவிடும். ரேஷன் கடையில் கைரேகை. குவாரியில் கல் உடைத்த கை, சித்தாள் வேலையில் சிமெண்ட் அரித்த கை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கை. அந்தக் கைகளில் ரேகையே மிச்சம் இருப்பதில்லை. அரிசி வாங்க வந்தவளைப் பார்த்து மெஷின் ஆள் இல்லை என்கிறது. இதில் தப்பு அவள் கை மேல் இல்லை என்பதை முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: கையைக் கழுவித் துடைத்துவிட்டு வை. மிகவும் உலர்ந்திருந்தால் நெற்றியில் ஒரு தேய். ஒரு விரல் விழவில்லை என்றால் அடுத்ததைக் கேட்டு வை. பத்து விரலும் பதிந்தவைதான். அடிக்கடி விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பி. சந்தேகம் என்றால் ஆதார் உதவி எண் 1947. கடைக்குப் போக முடியாத வயசானவர்களுக்கு, வேறொருவர் வாங்கிக்கொள்ள எழுதிக்கொடுக்கும் படிவம் உண்டு. வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. கடையில் கேள், கூச்சப்படாதே.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற இடத்தில் இன்னும் கவனம். "விழல, இன்னொரு தடவ வைங்க" என்றால், திரையில் தொகை என்ன என்று பார்த்தபிறகு வை. ரசீது கேள். மெசேஜ் வந்ததா பார். அடிக்கடி கைரேகை தேவைப்படாதவர்கள் ஆதார் ஆப்பில் அதைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது நீயே திறந்துகொள்ளலாம். பூட்டினதை மறந்துவிட்டு ரேஷன் கடையில் சண்டை போடாதே.

இன்னொன்று. போனுக்கு விரலைப் பூட்டாக வைக்காதே. தூங்குகிறவளின் விரலை எடுத்து வைக்க ஒருவருக்கு இரண்டு விநாடி போதும். பின் நம்பரைப் பூட்டாக வை. 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைதானவரின் செல்லை வாரண்ட் இல்லாமல் போலீஸ் தோண்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. செவ்வாய் கிரகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தால் செல்போனை மனித உடம்பின் ஓர் உறுப்பு என்றே நினைப்பார் என்று தலைமை நீதிபதி அதில் எழுதினார். நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்குள், "போனைக் காட்டு" என்று கை நீட்டும் அண்ணனிடமும் புருஷனிடமும் தீர்ப்பை வாசித்துக்காட்ட முடியாது என்று எனக்கும் தெரியும். நிதானமாகச் சொல்: "உங்க போனை நான் கேக்கல." மிரட்டல், அடி என்று போனால் மகளிர் உதவி எண் 181.

மூளைக்கு வெளியே வைத்த ஞாபகம்

ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மறதி நோய் வந்த ஒருவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துப் பார்த்து நடக்கிறார். அப்படியானால் அந்த நோட்டும் அவர் மனசின் ஒரு பாகம்தானே என்று கேட்டார்கள். அதற்கு அவர்கள் போட்ட நிபந்தனைகள்: நோட்டு எப்போதும் கையில் இருக்க வேண்டும், கேட்டதும் கிடைக்க வேண்டும், அதை அவர் யோசிக்காமல் நம்ப வேண்டும். நம் போன் இந்த மூன்றையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. பேட்டரி தீர்ந்தால்தான் தெரிகிறது, அம்மா நம்பர்கூட நமக்குத் தெரியாது என்று.

மூன்று நம்பரை மனப்பாடம் செய்: வீட்டில் ஒருவர், ஊரில் ஒருவர், வேலை செய்யும் இடத்தில் ஒருவர். மற்றதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுது. பேங்க் கணக்கு எண், அந்தப் பேங்கின் உதவி எண், கேஸ் நுகர்வோர் எண், மின் இணைப்பு எண். பின் நம்பரை மட்டும் எழுதாதே. நோட்டு போன் பவுச்சுக்குள் இருக்கக்கூடாது. இரண்டும் ஒன்றாகத் தொலைந்தால் எழுதினதற்குப் பலன் இல்லை.

போன் தொலைந்தால் உட்கார்ந்து அழ நேரம் கிடையாது. பக்கத்தில் யார் போனையாவது வாங்கி முதலில் சிம்மை முடக்கச் சொல், அடுத்து பேங்குக்குச் சொல். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறாயோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. போலீஸில் புகார் கொடுத்தபின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். உன் போனில் *#06# அழுத்தினால் 15 இலக்கத்தில் அது வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். இப்போதே அழுத்திப் பார்த்து, அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. அம்மா போனுக்கும் சேர்த்து.